ஒன்றரை நிமிஷம்

என் வீட்டுக்காரருக்கு எங்க தெருவுல நிமிஷக்காரர்னு பேரு. அதை வச்சது என் சொந்தத் தங்கச்சிதான். கல்யாணமான புதுசுல எங்களைப் பார்க்க வந்தவ, ஆசையா டீ போட்டுக் கொண்டுபோய், "எப்படி இருக்கீங்க மாமா?"ன்னு கேட்டா. இவர் கழுத்துல தொங்குற ஸ்டாப்வாட்சை அமுக்கிட்டு, "ஒரு பத்து நிமிஷம் பேசாதேம்மா, இப்பத்தான் ரெண்டாவது பாகம் ஆரம்பிக்குது"ன்னார். அவளுக்கு வந்துச்சே கோபம்! அன்னைக்கு வச்ச பேரு, இன்னைக்குத் தபால்காரர் வரைக்கும் அப்படித்தான் சொல்றார்.

ரேடியோ நிலையத்துல இசைத்தட்டு அறைக் குமாஸ்தா. தட்டு எடுத்துக் குடுக்கணும், திரும்பி வாங்கி அடுக்கணும், கீறல் விழுந்தா எழுதி வைக்கணும். சம்பளத்துக்கு அவ்வளவுதான் வேலை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, பேச வேண்டியவர் வராமப் போயிட்டார். கால்மணி நேரத்தை நிரப்ப ஆள் இல்லாம இவரைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. மனுஷன் ஒரே வயலின் கான்செர்டோவை மூணு பேர் வாசிச்ச தட்டுகளை எடுத்து வச்சுக்கிட்டு, யாரு எங்க ஓடுறாங்க, யாரு எங்க நிக்கிறாங்கன்னு பேசித் தள்ளிட்டார். கான்செர்டோன்னா ஒண்ணுமில்லை, ஒத்தை வயலின் முன்னால நின்னு பேசும், பின்னால மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பதில் சொல்லும். புது மருமகளும் புகுந்த வீடும் மாதிரின்னு நான் சொன்னா முறைப்பார்.

அதுலேருந்து ஞாயித்துக்கிழமைன்னா அவர்தான். ஒரே உருப்படிக்குப் பல தட்டு இருந்தா எதை வாங்கலாம்னு அவர் சொல்லணும், ஊரு கேக்கணும். வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு தெரியாது, ஆனா யாரோ ஒரு வயலின்காரர் எந்தத் தட்டுல நாலு விநாடி முந்திக்கிட்டார்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

நான் தையல்காரி. முன் அறையில என் மிஷின், பின் அறையில அவர் ரெக்கார்டு பிளேயர். நடுவுல இருக்கிற கதவை மூடு மூடுன்னே எங்க குடும்பம் நடந்துச்சு. அவர்கிட்ட ஒரு நீள நோட்டு உண்டு. ஒவ்வொரு தட்டையும் தானே ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்து எழுதினது. அட்டையில போட்டிருக்கிற நேரத்தை நம்பவே மாட்டார். "அது அச்சாபீஸ்காரன் பசி வேளையில போட்ட கணக்கு"ம்பார்.

இந்த வருஷம் எங்க ஊர் ஆர்கெஸ்ட்ராவிலேருந்து ஒரு வயலின்காரம்மா தட்டு போட்டாங்க. இருபது வருஷம் கூட்டத்தோட கூட்டமா உட்கார்ந்து வாசிச்சவங்க. அவங்க பேர் அட்டையில வர்றது இதுதான் முதல் தடவை. அடுத்த வருஷத்துக்குத் தனி வயலின் வாசிக்க ஆள் தேடுறாங்க, இவங்களையும் பரீட்சைக்குக் கூப்பிடப் போறாங்கன்னு நிலையத்துல பேச்சு. வயசு நாப்பத்தெட்டு. இந்தத் தடவை விட்டா இன்னொரு தடவை இல்லை.

இவர் அந்தத் தட்டைக் கொண்டுவந்து ஒரு தரம் போட்டு அளந்தார். அதே கான்செர்டோவைப் பதினோரு பேர் வாசிச்சது நோட்டுல இருக்கு. எல்லாம் முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு முன்னப்பின்ன. இது முப்பத்தொன்பதரை. "மத்ததையும் ஒரு தரம் போட்டுப் பார்த்துட்டுப் பேசுங்களேன்"னேன். "அதெல்லாம் என் தலைக்குள்ள இருக்கு, நீ உன் பொத்தானைத் தை"ன்னார்.

அந்த ஞாயிறு ரேடியோவுல அவர் பேசினதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. "இந்த அம்மையார் இழுக்கிறார். வயலினும் சோர்ந்து ஒலிக்கிறது. மற்ற பதினோரு பேரைவிட ஒன்றரை நிமிடம் அதிகம். அந்த ஒன்றரை நிமிடமும் நம் பொறுமையிலிருந்து எடுத்துக்கொண்டது." நடுவுல ரெண்டு நிமிஷம் நிலையத்து மிஷின்ல தட்டை ஓட விட்டாங்க. எனக்கு ஒரு சோர்வும் தெரியலை. எனக்கென்ன தெரியும்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப நினைச்சா என் மேலதான் எரிச்சல் வருது.

மூணு வாரம் போச்சு. ஒரு புதன்கிழமை, அவருக்கு உயிரான ஒரு பழைய தட்டைப் போட்டிருந்தார். நான் சட்டைக்குக் கழுத்துப்பட்டி வெட்டிக்கிட்டு இருக்கேன், பின் அறையில சத்தமே இல்லை. போய்ப் பார்த்தா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கார். நோட்டுல முப்பத்தெட்டுன்னு இருக்கு, ஸ்டாப்வாட்ச் முப்பத்தொன்பதரை காட்டுது.

"வாட்ச் கெட்டுப்போச்சு"ன்னார்.

சுவர்க் கடிகாரத்தோட வச்சுப் பார்த்தோம். வாட்சுக்கு ஒரு கேடும் இல்லை. நான் பிளேயர் மேல்தட்டைக் கழட்டி, அடியில விரலை விட்டேன். தட்டைச் சுத்த வைக்கிற ரப்பர் பெல்ட் தொளதொளன்னு கிடக்கு. தையல் மிஷினோட இருபத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினவ, இது கூடவா தெரியாது? மேல்தட்டைத் திரும்ப மாட்டி, விளிம்புல தையல் சாக்பீஸால ஒரு கோடு போட்டேன். "சுத்த விடுங்க, ஒரு நிமிஷத்துக்கு எண்ணுங்க"ன்னேன். முப்பத்திமூணேகால் சுத்துக்கு மேல வரணுமாம். முப்பத்திரெண்டுதான் வந்துச்சு. மறுபடி எண்ணினார். மறுபடியும் முப்பத்திரெண்டு.

"அந்தம்மா இழுக்கலைங்க. நம்ம மிஷின்தான் இழுத்திருக்கு."

அவர் நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டார்.

பரீட்சை வெள்ளிக்கிழமை சாயங்காலம்னு அவருக்குத் தெரியும். "இப்பவே கிளம்புங்க, போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னேன். மென்னு முழுங்கினார். தப்பு ரேடியோவுல நடந்துச்சு, அதனால திருத்தமும் ரேடியோவுலதான் வரணுமாம், அதுதான் முறையாம், ஞாயித்துக்கிழமை சொல்றாராம். "வெள்ளிக்குப் பிறகு ஞாயிறு வந்து யாருக்குங்க லாபம்?"னு கத்தினேன். ஆளெடுக்கிற குழுவுல இருக்கிறவங்க தட்டைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க, தன் பேச்சு ஒண்ணும் பண்ணிடாதுன்னார். பதினெட்டு வருஷமா தன் பேச்சாலதான் ஊரே தட்டு வாங்குதுன்னு பெருமையடிச்ச மனுஷன்! பயம். வேற ஒண்ணும் இல்லை. இசைத்தட்டு அறைக் குமாஸ்தா தப்பு பண்ணிட்டான்னு நிலையத்துல சிரிப்பாங்களேன்னு பயம். ரெண்டு நாளும் எனக்கும் சோறு இறங்கலை, ஆனா நானாவது நேரா போயிருக்கலாம். போகலை. அது என் தப்பு.

ஞாயித்துக்கிழமை சொன்னார். அதுல குறை சொல்ல மாட்டேன். பெல்ட் தளர்ந்தது, பதினோரு தட்டையும் திரும்பப் போட்டுக் கேக்காதது, எல்லாத்தையும் ஒளிக்காமச் சொன்னார். வேற ஊர்ல நர்ஸா இருக்கிற எங்க பொண்ணு உடனே போன் பண்ணி, "அப்பா அழுதாராம்மா?"ன்னு கேட்டா. எங்க அழுதார்? வீட்டுக்கு வந்து நிம்மதியா ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

திங்கக்கிழமை நானே அவரை அந்தம்மா வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். மூணாவது மாடி. கதவுக்கு வெளியவே டிக் டிக்னு சத்தம். "மெட்ரோனோம்"னார் இவர். வாசிக்கிறவங்க வேகம் தப்பாம இருக்க முடுக்கி விடுற கருவியாம். கதவைத் திறந்த அம்மா கையில வயலின். என்னைப் பார்த்துட்டு இவரைப் பார்த்தாங்க, முகம் மலர்ந்து போச்சு.

"சார், நீங்களா! வாங்க, உள்ள வாங்க அக்கா. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன் சார்."

நேத்து ரேடியோ கேட்டீங்களான்னு கேட்டேன்.

"இல்லக்கா. பதினெட்டு வருஷத்துல நேத்து மட்டும்தான் கேக்கலை. மனசு இல்லை"ன்னாங்க. "நான் இழுக்கிறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை சார். நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மூணு வாரம் இந்த டிக் டிக்கை வச்சுக்கிட்டே வாசிச்சேன். வெள்ளிக்கிழமை பியானோக்காரரோட முப்பத்தாறரை நிமிஷத்துல முடிச்சேன். குழுத் தலைவர், தட்டுல கேட்டது நீங்கதானாம்மா, ஏன் இந்த அவசரம்னார். வேற ஒருத்தரை எடுத்துட்டாங்க. பரவாயில்லை, என் கைக்கு இன்னும் வேகம் பழகலை."

இவர் நின்ன இடத்துலேயே நின்னுக்கிட்டு சொன்னார். பெல்ட், முப்பத்திரெண்டு சுத்து, எல்லாம். கடைசியில, "உங்க தட்டைப் புது பெல்ட் போட்டு அளந்தேன். முப்பத்தெட்டு நிமிஷம் நாலு விநாடி"ன்னார்.

அந்தம்மா போய் மெட்ரோனோமை நிறுத்தினாங்க. முதுகு எங்க பக்கம்.

"அப்போ நான் இழுக்கலையா சார்?"

இவர் கழுத்துல தொங்குற ஸ்டாப்வாட்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். என்னால பொறுக்க முடியலை. "இல்லம்மா, நீங்க இழுக்கவே இல்லை"ன்னேன்.

"நீங்க சொல்லாதீங்க அக்கா"ன்னாங்க. "அவர் சொல்லட்டும்."