வெள்ளைக்காரன் வைஸ்

மகள் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கள்ளக்குறிச்சியில் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையின் வாசனை வருகிறது. இப்போது அங்கே செல்போன் கடை. பஞ்சருக்கு ஆள் வராத மதியங்களில் அப்பா, பலகைமேல் நின்ற வைஸ் என்கிற குட்டி இடுக்கியில் தூண்டில் முள்ளைக் கவ்வவிட்டு, பக்கத்துக் கறிக்கடைச் சேவலின் இறகை, மீனுக்குப் பூச்சிபோலத் தெரிய அதில் நூலால் சுற்றி, முடிச்சு அவிழாமலிருக்க நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, காயும்வரை ஊதிக்கொண்டேயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோமுகி அணையில் மீன் பிடிக்கத்தான் இவ்வளவும். அந்த வைஸை நான் தொட்டால் மட்டும் கோபம் வந்துவிடும்.

"வெள்ளக்காரன் சாமான் அது. கைய வெக்காத."

அப்பா போன பிறகு வைஸ் என்னிடம் வந்தது. பழைய தூண்டில் சாமான்கள் சேர்க்கும் ஒருவருக்குப் படம் அனுப்பி, எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அடிப்பாகத்தில் பெயர் இருக்கும், பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள் என்றார்.

போன வாரம் சுரண்டினேன். நிமிர்ந்து நின்றது சைக்கிள் பிரேக் கம்பி. அடியிலிருந்த கனமான குமிழ், ஈயம் ஊற்றி நிரப்பிய சைக்கிள் மணியின் மூடி. அதில் பெயரும் இருந்தது. ஆணியால் கோணல்மாணலாக நான் கீறிய என் பெயர்.

நாலாம் வகுப்பில் காணாமல்போன மணி அது. தொலைத்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன். அன்று சாயங்காலம் அப்பாவும் என்னோடு குனிந்து குனிந்து பஸ் ஸ்டாண்டு வரை தேடிக்கொண்டு வந்தார்.

"நல்லா பாத்துக்கினே வாம்மா, இங்கதான் எங்கனா உழுந்திருக்கும்."