பொக்கெட் டொரதியின் குஷன்

கண்டியில் பள்ளிக்கூடச் சீருடை தைத்து விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் மஹ்ரூப் முதலாளியின் கடையில் சட்டை வாங்கிய பிள்ளைகளுக்குத் தனி நன்மை ஒன்று உண்டு. கொலர் நைந்து போகும், பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும், பொக்கெட் மட்டும் வைத்த இடத்தில் இருக்கும். மாபிள், தேசிக்காய், பாதி தின்ற பனிஸ், எதைத் திணித்தாலும் தாங்கும். அதற்குக் காரணம் டொரதி.

அந்தக் கடையில் ஆளுக்கொரு வேலை. ஆஸிகா கொலர் தைப்பாள், இன்னொருத்தி கை பொருத்துவாள், டொரதிக்கு பொக்கெட். கல்யாணமாகி வந்த வருஷம் தொடங்கியது. இப்போது தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. மூலையில் ஒரு சின்ன முக்கோணம், அதன்மேல் இரட்டைத் தையல், அதுதான் அவள் முத்திரை. கடையில் எல்லோரும் அவளைப் பொக்கெட் டொரதி என்றே கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கோபமில்லை. சொல்லப் போனால் கொஞ்சம் பெருமைதான். ஞாயிறு பூசைக்குப் போனால்கூட முன் வாங்கில் நிற்கும் பையன்களின் பொக்கெட்டைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள்.

இத்தனை நிம்மதியான மனுஷிக்கும் தீராத மனக்குறை ஒன்று இருந்தது. அதன் பெயர் அனற்.

அனற், டொரதியின் புருஷன் சுவக்கினுக்கு அக்கா. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பேராதனையில் ஒரு சின்ன வீட்டில், வாசல் நிறைய அந்தூரியம் வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். கலஹாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் டீச்சர். தங்கமான குணம். அந்தத் தங்கமான குணம்தான் டொரதிக்குத் தொல்லை.

டொரதி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மதினிக்குத் தன் கையால் ஏதாவது தைத்துக் கொடுப்பாள். அனற்றும் அதை விரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு டொரதி" என்பாள். தை பிறப்பதற்குள் அந்தப் பொருள் வேறெங்காவது தென்படும். மேசை விரிப்பைக் கோயில் ஃபாதர் வீட்டில் கண்டாள், அதன்மேல் புடிங் கோப்பை வைத்திருந்தார்கள். கைப்பை பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வேலை நேர்முகத்துக்குப் போனது. பட்டு ஜாக்கெட் பாட்டுக் குழுவில், அதுவும் பொருந்தாத ஒருத்தியின் உடம்பில், நின்று பாடியது.

"அக்கா அப்படித்தான்" என்பான் தபால் கந்தோரிலிருந்து வந்து தேத்தண்ணி குடிக்கும் சுவக்கின். "சின்ன வயசுல என் பென்சில் பெட்டியவே தூக்கி யாருக்கோ குடுத்துருச்சு."

"குடுக்கட்டும். யாரு வேணாம்னா? நான் குடுத்ததுல ஒண்ணே ஒண்ணு அவங்க வீட்டுல இருக்கக் கூடாதா?"

கேட்கும்போது குரல் கொஞ்சம் உடையும். தன் கைவேலை மதினிக்குப் பிடிக்கவில்லை, நாசூக்காகத் தள்ளிவிடுகிறாள் என்றே டொரதி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். மதினி தனக்கென்று வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சாமானாவது தைத்துவிட வேண்டும், அதுதான் ஆசை. உலகத்தில் பெரிய ஆசையெல்லாம் இருக்க, இது ஒரு ஆசையா என்று கேட்பவர்களுக்கு நாத்தனார் இல்லை என்று அர்த்தம்.

மழைக் காலத்தில் ஒரு நாள் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் டொரதி வீட்டுக்கு வந்த அனற், கதிரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்தாள்.

"காலையில போற பஸ்ஸு இருக்கே டொரதி, அது பஸ்ஸே இல்ல. சீட்டுல பஞ்சு போயி இரும்பு குத்துது. சன்னல் மூடாது. மேல ஏற ஏறப் பனி உள்ள வந்து முழங்காலப் புடிச்சிருது."

 அன்றிரவு டொரதிக்குத் தூக்கம் வரவில்லை. அடியில் வைக்க ஒன்று, மேலே போர்த்த ஒன்று. இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா?

மறுநாள் சோற்று நேரத்தில் ஆஸிகாவிடம் சொன்னாள். ஆஸிகா ஃபோனில் தேடி ஒரு வீடியோவை எடுத்து நீட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண், துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மடியளவுப் போர்வை ஒன்றை முதலில் காட்டினாள். பின்பக்கம் ஒரு பெரிய சதுரப் பொக்கெட். போர்வையை மடித்து, அந்தப் பொக்கெட்டை உள்ளே வெளியாகப் புரட்டி, அதற்குள் திணித்ததும் குஷன் ஆகிவிட்டது. டொரதி ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டாள். துண்டு ஒட்டுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நடுவில் கம்பளி வைக்கிற இடத்தைப் பார்த்தாள். பொக்கெட் தைக்கிற இடம் வந்ததும் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மிச்சத்தப் பாக்கலியா டொரதிக்கா?" என்றாள் ஆஸிகா.

"பொக்கெட் தானே. அத எனக்கு வெள்ளைக்காரியா சொல்லித் தரணும்?"

வெட்டுத் துண்டு கேட்டு முதலாளியிடம் போனாள். மஹ்ரூப் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எனத்துக்கு தங்கச்சி இவ்வளவு துண்டு?"

"மதினிக்கு ஒரு போர்வை தைக்க, மொதலாளி."

"டீச்சருக்கா? அப்ப நேரா ஃபாதர்ட்டயே குடுத்துடுங்களே. எப்படியும் அங்கதானே போய்ச் சேரப் போகுது, ஒரு அலைச்சலாவது மிச்சம் ஈக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், சாக்கு நிறையத் துண்டும் கொடுத்தார். ஆனால் டொரதிக்குச் சுருக்கென்றது. இந்த முறை பார்த்துவிடுவது என்று வீட்டுக்கு வந்தாள்.

சீருடை வெள்ளை, சீருடை நீலம், அவற்றுக்கு இடையிடையே பக்கத்துத் திரைச்சீலைக் கடையில் வாங்கிய சிவப்பும் கடுகு மஞ்சளும். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டினாள். நடுவில் மெல்லிய கம்பளி, அடியில் சாம்பல் நிறப் பருத்தி. மூன்றும் நழுவாமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினாள். பிறகு பொக்கெட்டுக்கான சதுரம். குஷனுக்கு முகம் அதுதானே என்று, பால் வெள்ளைத் துணியில் அனற் வீட்டு வாசல் அந்தூரியத்தைச் சிவப்பு நூலில் பூவேலை செய்தாள். இலையின் நரம்புகூட விடவில்லை. அதற்கு உள்துணி ஒன்று வேண்டும். உள்ளே கிடக்கிற துணியை யார் பார்க்கப் போகிறார்கள்? அலுமாரியின் அடியில் சுவக்கின் வீட்டில் இடுப்பில் கட்டும் பழைய கட்டம் போட்ட சாரம் ஒன்று கிடந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்பு அடையாளத்தோடு அப்படியே வெட்டி வைத்துத் தைத்தாள்.

"என் சாரத்தப் பாத்தியா?" என்று அவன் இரண்டொரு தரம் கேட்டான்.

"நல்லாத் தேடுங்க, கிடைக்கும்" என்றாள், தலை நிமிராமல்.

கடைசியாகப் பொக்கெட்டைப் போர்வையின் பின்பக்கம் வைத்து, பூ நன்றாகத் தெரிகிற மாதிரி மேலே பார்க்க வைத்து, மூன்று பக்கமும் தைத்தாள். மூலைக்கு மூலை முக்கோணம், அதன்மேல் இரட்டைத் தையல். கை தானாகவே ஓடியது. கிறிஸ்மஸ் வாசலில் நின்றது, கேக் சுற்ற வேண்டும், பூசைக்குப் போக வேண்டும். ஒருமுறை மடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தான் தைத்த பொக்கெட்டைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் டொரதிக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அனற் வந்தாள். ஆஸிகா வட்டலப்பத்தோடு வந்தாள், என்ன நடக்கிறது என்று பார்க்க ஆவல் அவளுக்கு. சாப்பிட்டு முடிந்ததும் டொரதி போர்வையை எடுத்து மதினியின் மடியில் விரித்தாள்.

அனற் சதுரங்களைத் தடவினாள். திருப்பிப் பார்த்துப் பூவைக் கண்டாள். "அட, இது நம்ம வீட்டு அந்தூரியம்ல." இலையின் நரம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ரொம்ப நல்லாருக்கு டொரதி."

 அந்தச் சொல்லைக் கேட்டதும் ஃபாதரின் மேசையும் புடிங் கோப்பையும் டொரதியின் கண்முன் வந்தன.

"இன்னும் முடியல மதினி. இப்பப் பாருங்க."

போர்வையை மடித்தாள். பொக்கெட்டுக்குள் கையை விட்டு, அடி மூலைகளைப் பிடித்து, உள்ளே இருப்பது வெளியே வரும்படி ஒரே புரட்டாகப் புரட்டி, போர்வையைத் திணித்துத் தட்டி எல்லோருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்தாள். தன் பக்கம் தெரிந்த சாம்பல் துணியைப் பார்த்துக்கொண்டு, பூவுக்கு வரப் போகிற பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

 சுவக்கின் கதிரையை விட்டு எழுந்து கிட்டே வந்தான்.

"இது என் சாரம்ல" என்றான்.

டொரதி குஷனைத் திருப்பிப் பார்த்தாள். கட்டம் போட்ட சாரம், நடுவில் இஸ்திரிப் பெட்டி சுட்ட அடையாளம். அந்தூரியம் உள்ளே போய்விட்டது. புரட்டுகிற பொக்கெட்டுக்கு நல்ல பக்கம் உள்ளே பார்க்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரி கட்டாயம் சொல்லியிருப்பாள். சட்டைப் பொக்கெட்டை யார் புரட்டுகிறார்கள்? ஆயுள் முழுக்கச் சட்டைக்குத் தைத்த கை, சட்டைக்குத் தைத்த மாதிரியே தைத்துவிட்டது. வேறு யார் தைத்திருந்தாலும் வீடியோவைக் கடைசிவரை பார்த்துச் சரியாகத் தைத்திருப்பார்கள்.

முதலில் சிரித்தது ஆஸிகா. பிறகு சுவக்கின். வீடே சிரித்தது. டொரதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. போயும் போயும் பொக்கெட்டிலா?

"குடுங்க மதினி, பிரிச்சு மாத்தித் தச்சுத் தர்றேன்" என்று கத்தரிக்கோலை எடுத்து ஒரு மூலையைக் குத்தினாள். அசையவில்லை. அவளுடைய முக்கோணம், அவளுடைய இரட்டைத் தையல், அவளுக்கே அடங்கவில்லை. அதைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

அனற் அதைப் பிடுங்கித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "விடு. பிரிக்காத. நல்ல சாமானப் பாத்தா என் கை நிக்காது, யாருக்காச்சும் குடுன்னு அரிக்கும். எனக்கு எதுக்கு இவ்வளவு நல்லதுன்னு தோணிரும். தம்பியோட சுட்ட சாரத்த நான் யாருக்குடி குடுக்க முடியும்?"

எல்லோரோடும் சேர்ந்து டொரதியும் சிரித்தாள். ஆனால் தன் மனதைத் தேற்றத்தான் மதினி அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தாள். வேடிக்கையான சாமான்தானே, தை மாதத்துக்குள் அதற்கும் ஒரு ஆள் கிடைத்துவிடும். மாசியில் அனற்றின் பிறந்த நாள் வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று கம்பளி நூல் வாங்கி ஒரு சுவெட்டர் பின்னிக் கொடுத்தாள். அதில் ஒரு பிழை கிடையாது.

ஈஸ்டர் கழிந்து பள்ளிக்கூடத்தில் கலைவிழா வந்தது. நடனப் பிள்ளைகளின் உடுப்பைச் சரிபார்க்க டொரதியையும் கூட்டிக்கொண்டு போனாள் அனற். பேராதனையில் கலஹா பஸ் ஏறினார்கள். அனற் பையைத் திறந்தாள். முதலில் வெளியே வந்தது கட்டம் போட்ட சாரம். அதைச் சீட்டில் போட்டு, சுட்ட அடையாளத்தின்மேல் சம்மணம் போடாத குறையாக வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.  மலை ஏறத் தொடங்கிப் பனி உள்ளே வந்ததும், குஷனை உருவி உதறி, இரண்டு பேர் மடியிலும் சேர்த்து விரித்தாள். அந்தூரியம் அடிப்பக்கத்தில், டொரதியின் முழங்காலைத் தொட்டபடி கிடந்தது. கதகதப்பாக இருந்தது.

பாதி வழியில் ராக்கம்மா ஏறினாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவள் மகன் அனற்றிடம் படித்தவன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து குளிருக்குக் கையைத் தேய்த்தவள், போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா கதகதன்னு இருக்கு டீச்சர். இந்த மாதிரி ஒண்ணு எங்க கிடைக்கும்?"

அனற்றிடம் ஒரு பொருளைக் கேட்க அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அது டொரதிக்குத் தெரியும். மதினியின் கை போர்வையின் ஓரத்துக்குப் போவதைப் பார்த்தாள். இனிப் பார்க்க வேண்டாம் என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தேயிலை, பனி, மறுபடியும் தேயிலை.

கொஞ்ச நேரம் கழித்து மடி இன்னும் கதகதப்பாக இருப்பது தெரிந்தது. திரும்பினாள். அனற் போர்வையின் ஓரத்தைத் தன் முழங்காலுக்கு அடியில் செருகிவிட்டு, சுவெட்டரின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தா ராக்கம்மா, இதப் போட்டுக்க. இதுவும் இவ பின்னுனதுதான். குளுருக்கு நல்லா இருக்கும்."

ராக்கம்மா வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள். "போர்வையத்தான் தரப் போறீங்கன்னு பாத்தேன் டீச்சர்" என்றாள் சிரித்தபடி.

"அது மட்டும் கேக்காத. அது என்னோடது."

அனற் எந்தப் பொருளையும் தன்னுடையது என்று சொல்லி டொரதி கேட்டதில்லை. சுவக்கினும் கேட்டிருக்க மாட்டான்.  பின்னி முழுசாய் மூன்று மாதம் ஆகாத சுவெட்டர் கண்ணெதிரே கை மாறியதும் அந்தச் சந்தோஷத்தில் டொரதிக்கு உறைக்கவில்லை. எழுந்து போய் ராக்கம்மாவுக்கு மேல் பொத்தானைப் போட்டுவிட்டு வந்தாள். மதினியின் வெறும் கைகள் குளிரில் புல்லரித்திருந்தன. போர்வையைத் தோள்வரை இழுத்து மூடிவிட்டாள்.

இறங்கும் இடம் வந்ததும் அனற் போர்வையை மடித்து, பொக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு புரட்டுப் புரட்டினாள். நன்றாகப் பழகிய கை. சாரம் வெளியே வந்தது.

"இவளுக்கும் இப்படி ஒண்ணு தச்சுக் குடு டொரதி" என்றாள் பையை மூடிக்கொண்டே. "பொக்கெட்ட மட்டும் சரியாத் தையி."

"சரி மதினி" என்ற டொரதி, படியில் இறங்கும்போதும் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.