தகரம் அடிக்கிறவர்

கோவைக்கு மேற்கே இருக்கும் ஒரு குளத்தில் மாதம் ஒருநாள் பறவைகளை எண்ணப் போவேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மீன் குத்தகைக்காரர் அந்தக் கரையில் ஓர் ஆளை வைத்திருந்தார். நீர்க்காகங்கள் மீனைத் தின்றுவிடாதபடி தகரம் அடித்து விரட்டுவதுதான் அவர் வேலை. ஒல்லியான உடம்பு, தலையில் ஈரத் துண்டு. நான் எண்ணி முடிக்கும்வரை மட்டும் அடிக்காமல் காத்திருப்பார்.

“ஏனுங்க அம்மணி, எண்ணியாச்சுங்களா? மொதலாளி கண்டா என்னையும் சேத்து வெரட்டிப்போடுவாருங்க.”

கடைசியாகப் போனபோது என் தாளை எட்டிப் பார்த்தார். “இதுல நானும் இருக்கறனுங்களா?”

“பறவைகளைத் தொந்தரவு பண்றவங்களையும் எழுதணுங்க” என்று சங்கடத்துடன் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. “எழுதுங்க அம்மணி. நாள் பூரா இங்க கெடக்கறேன், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு மனுசன் இல்லீங்க. காயிதத்துலயாவது இருக்கட்டும்.” தன் பெயரை இரண்டு முறை நிதானமாகச் சொன்னார்.

படிவத்தில் பெயருக்கு இடமில்லை. ‘மனித இடையூறு’ என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

“இதாங்களா என்ற பேரு?” தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டார்.

“ஆமாங்க.”

எழுத்தறியாத என் அப்பா என் பட்டச் சான்றிதழைப் பார்த்ததைப் போலவே, அவர் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.