துருவுக்கு மருந்து

என் வீட்டுக்காரர் விழுப்புரம் ரயில் ஷெட்டில் இன்ஜின் டிரைவர். ஐம்பதைத் தொட்ட வருஷம் அவருக்குக் கண் டெஸ்ட் வருவதாக இருந்தது. அதில் தேறாவிட்டால் இன்ஜினை விட்டு இறக்கி, ஷெட்டுக்குள்ளேயே ஏதாவது வேலை கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அவருக்கு அது உயிர் போகிற விஷயம். எனக்கும்தான். டிரைவர் பெண்டாட்டி என்று கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்து பழகியவள் நான்.

கிழத்தனம் எப்படி என் வாசலைத் தாண்டி வருகிறது, பார்த்துவிடுகிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் தினமும் அவர் தட்டில் விழுந்தன. திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அங்கே மருந்துக்கடைக்காரரிடம் யோசனை கேட்டேன். மனுஷ உடம்பும் இரும்பு மாதிரி துருப்பிடிக்கிறதாம், அதைத்தான் நாம் வயசு என்கிறோமாம், இந்த வைட்டமின் மாத்திரை அந்தத் துருவைத் தடுக்குமாம். இன்ஜின்காரர் பெண்டாட்டிக்கு இதைவிடப் புரியும்படி யார் சொல்ல முடியும்? பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

மாத்திரையில் மீன் எண்ணெய் வாடை குடலைப் பிடுங்கும். அவர் முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டேன், முழுங்குகிறவரை எதிரிலேயே நிற்பேன்.

எங்கள் குவார்ட்டர்ஸின் கொல்லைக்கு நேரே கைகாட்டி மரம். கை நீட்டியிருந்தால் வண்டி நிற்கவேண்டும், இறங்கினால் வரலாம். கைகாட்டியைப் பார்த்ததும் டிரைவரும் கரி தள்ளுகிற ஃபயர்மேனும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது இன்ஜினில் வழக்கம். டூட்டி இல்லாத சாயங்காலங்களில் அவரைக் கொல்லையில் உட்கார வைத்துப் பரீட்சை நடத்துவேன். "இறங்கிச்சு" என்று அதே இன்ஜின் குரலில் கூவுவார். எட்டிப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை. மாத்திரையின் பெருமையை எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க அளந்துவிட்டேன்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது "இறங்கிச்சு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கை நீட்டியபடியே நின்றது. கேலி செய்கிறார் என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார், அதட்டலாக.

அப்போதுதான் எங்கள் வேலியோரம் ஓடுகிற கம்பியைக் கவனித்தேன். ஸ்டேஷன் பக்கத்து சிக்னல் கேபினில் லீவரை இழுத்தால் அந்தக் கம்பி உருளைமேல் கிரீச்சென்று ஓடி கையை இறக்கும். அன்று வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்திருந்ததால் சத்தம் வந்தது, கை இறங்கவில்லை. இத்தனை நாளும் மனுஷன் காதை வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்.

ஓடுகிற இன்ஜினில் இந்தச் சத்தம் எங்கே கேட்கும் என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

"ஃபயர்மேன் இன்னா கூவுறானோ, அதையே நானும் கூவிக்கினு போறேன்."

அவர் பின்னால் வருகிற பெட்டிகளையும் அவற்றில் தூங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளையும் நினைத்தேன். கோபம் பொங்கியது. அந்தக் குனிந்த தலையைப் பார்த்தால் அழுகையும் வந்தது.

"காலையில நீங்களே போய் ரயில்வே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா நான் போறேன்" என்றேன்.

அவர் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார். காலையில் டிரைவர் உடுப்போடு போய், யாரும் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட்டு வந்தார். ஷெட்டில் வேலை கொடுத்தார்கள். நான் கடைத்தெருவில் முன்னைவிட நிமிர்ந்து நடந்தேன்.

மிச்சமிருந்த மாத்திரைகளை விடாமல் முழுங்கித் தீர்த்தார். காதாவது துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்றார்.

சாயங்காலங்களில் கம்பி ஓடும். அவர் வாய் திறக்காமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் கைகாட்டியை நன்றாகப் பார்த்துவிட்டு, லைனே திரும்பிப் பார்க்கும்படி "இறங்கிச்சு" என்று கூவுவேன். அதன் பிறகுதான் அவர் கூவுவார்.