கண்ணாடிக்குள் செல்லம்மாவின் முறம்

பேய், பிசாசு என்று யாராவது வந்து சொன்னால், "வேற சோலி இல்லையா உனக்கு?" என்று கேட்கிறவள் நான். கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து சுக்கு புடைத்தேன், எலியைத் தவிர வேறு எதையும் அங்கே கண்டதில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள்; பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லக்கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டோ மூன்றோ இருக்கும். எறணாகுளத்தில் ஒரு பார்க்குக்குள் புதிதாக மியூசியம் திறந்திருந்தார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று பொம்மை செய்து வைத்திருக்கிறார்களாம். மருமகள் லதா என்னைப் படகில் கூட்டிப் போனாள்.

உள்ளே போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண் பொம்மை, மடியில் முறம், முறம் நிறையச் சுக்கு, தலையில் மல்லிகைப்பூ! கிடங்குக்குப் பூ வைத்துக்கொண்டு போனால் வாசனை சரக்கில் ஏறிவிடும் என்று வாசலிலேயே பிடுங்கி எறிவார்கள். இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

"என்ன எழுதியிருக்கு?" என்று லதாவைக் கேட்டேன். மலையாளத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, "கிடங்குத் தொழிலாளி, பெண். அவ்வளவுதான் அத்தே" என்றாள்.

"பேரு?"

"பொம்மைக்கு ஏது அத்தே பேரு?"

அப்போதுதான் முறத்தின் ஓரத்தைப் பார்த்தேன். மஞ்சள் சேலைக்கரை வைத்துத் தைத்தது. தைத்தவள் நான். அது என் நாத்தனார் செல்லம்மாவின் முறம். அவள் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கள் கிடங்கில் ஒருத்தி இறந்தால் அவள் முறத்தை வேறு யாரும் தொடமாட்டோம், அன்றைக்கே எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் செத்தும் அவளுக்கு வேலை தீராது என்பார்கள். செல்லம்மா படுக்கையில் கிடக்கும்போது என் கையைப் பிடித்து, "மதினி, என் முறத்த மறந்துராதீங்க" என்றாள். அவள் போன அன்று கொட்டு கொட்டென்று மழை. நனைந்த முறம் எங்கே எரிய? காயட்டும் என்று கிடங்குப் பரணில் வைத்தேன். பதினாறாம் நாள் கழிந்து போய்ப் பார்த்தால் பரண் காலி, பழைய சாமான் எல்லாம் யூதத் தெருவில் பழம்பொருள் விற்கிற கடைக்குப் போய்விட்டது. எரித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அந்தப் பொய் என்னோடுதான் இருந்தது.

காவலுக்கு நின்றவரிடம், "இது எங்க வீட்டு முறம், குடுங்க" என்றேன். அவர் சிரித்தார்.

"அம்மே, ஆளாளுக்கு வந்து எடுத்திட்டுப் போனா மியூசியத்துல பின்னே என்ன இருக்கும்?"

"முப்பது வருஷம் முதுகு ஒடிஞ்சவளுக்கு ஒரு பேரு எழுத உங்ககிட்ட மை இல்ல, அவ முறம் மட்டும் வேணுமா?"

கால் மணி நேரம் அவரோடு மல்லுக்கு நின்றேன். லதா என் முழங்கையைப் பிடித்து, "அத்தே, அங்க பாருங்க" என்றாள்.

வந்தபோது முறத்தில் கலந்து கிடந்த சுக்கு இப்போது பிரிந்து கிடந்தது. நல்லது ஒரு பக்கம், வண்டு தின்றது ஒரு பக்கம். நாங்கள் எல்லோரும் சொத்தையை இடது பக்கம் ஒதுக்குவோம். செல்லம்மா இடதுகைக்காரி, அவள் மட்டும் வலது பக்கம் ஒதுக்குவாள். பெட்டிக்குள் சொத்தை பொம்மையின் வலது பக்கம் இருந்தது.

"பெட்டியத் தொறந்தது ஆரு?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். என்னை!

"சாவி உங்க இடுப்புல தொங்குது, பழி என் தலையிலயா?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

மறுவாரம் தனியாகவே போனேன். அவர் என்னைக் கண்டதும் ஓரமாக அழைத்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "தெனமும் காலைல நான் கலக்கி வெக்கேன் அம்மே. உச்சி நேரத்துக்குள்ள பிரிஞ்சு கெடக்கு. என்ன செய்யணும்?"

"எரிக்கணும்."

"மேலதிகாரி எழுதிக் குடுக்காம எரிச்சா என் சோலி போகும்."

கெஞ்சினேன், ஏசினேன், மேலே இருந்தவரிடமும் போய்க் கேட்டேன். ஒரு முறத்தை எரிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

புறப்படும்போது பெட்டிக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தேன். பொம்மைக்கு எதிரே தரையெல்லாம் தூசி. நடுவில் மட்டும், ஒருத்தி சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. கிடங்குக்கு நான் எப்போதும் பிந்தித்தான் போவேன். தன் எதிரே எனக்கு இடத்தை முந்தானையால் துடைத்து வைப்பவள் செல்லம்மா.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. போன மாதம் லதா போய்வந்தாள். அந்த இடத்தில் இன்னும் தூசி படியவில்லையாம்.