ஆற்றைப் பார்க்காதவர்

மலைக்காட்டுக்குள் ஓடும் ஓர் ஆற்றைக் காக்க நாங்கள் நடத்தும் சங்கத்துக்கு, தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவர் தவறாமல் பணம் தருவார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். தடித்த உருவம். வீட்டுக்குள்ளும் வெயில் தொப்பியைக் கழற்றமாட்டார். ஆற்றின் படத்தை போனில் காட்டினால் உள்ளங்கையால் மறைத்துவிடுவார்.

"ஒருக்கா வந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

"வேண்டாம் மக்கா. நான் கண்டா வீட்டுல சொல்லுவேன். அவங்க சொந்தக்காரங்ககிட்ட சொல்லுவாங்க. பெறவு எல்லாருமா வேன் பிடிச்சு வருவோம்."

சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆதரவு திரட்டுகிறோம் என்று போன வருடம் ஆற்றை வீடியோ எடுத்துப் போட்டோம், போகும் வழியையும் சேர்த்து. பாராட்டு குவிந்தது. ஈஸ்டர் விடுமுறையில் வேன்களும் வந்தன. பாறையெல்லாம் பிரியாணிப் பொட்டலம், உடைந்த பாட்டில், டயப்பர்.

துப்புரவு செய்யப் போன அன்று, அவரும் சாக்குப்பையோடு வந்து நின்றார். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இனி நான் வந்தா என்ன மக்கா? ஊரே வந்தாச்சே" என்றார்.

சாயங்காலம் வரை குனிந்தே கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினார். பிறகு தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அத்தனை தூரம் வந்தும், ஆற்றை அவர் பார்க்கவே இல்லை.