கடலைக்கொல்லையில் ஒரு வகுப்பு

“சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்டே?”

இதைக் கேட்காமல் இன்னாசி சார் கணக்குப் பாடத்தைத் தொடங்குவதில்லை. “பசிக்கலை சார்” என்று யாராவது மழுப்பினால் அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டுக்கடலை வெளியே வரும். அது வாய்க்குள் போன பிறகுதான் கரும்பலகைப் பக்கம் திரும்புவார்.

ஆலங்குடிக்குக் கிழக்கே உள்ள உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு இது பன்னிரண்டாவது வருஷம். தான் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் யாரும் கேட்காமலே சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிற மனிதர். அதனால்தான் தலைமையாசிரியர் ரெங்கசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்தாம் வகுப்பில் செங்கமலம் உட்காரும் இடம் கார்த்திகை பிறந்ததிலிருந்து காலியாகக் கிடக்கிறது. வருகைப் பதிவேட்டிலோ ஏறக்குறைய தினமும் காலை வேளைக்கு அவள் வந்ததாகக் கோடு விழுந்திருக்கிறது.

“என்ன சார் இது? பிள்ளை பெஞ்சில இல்ல, ரிஜிஸ்டர்ல இருக்கே?”

“வகுப்புல இருந்துச்சு சார். காலையில ஆறரைக்கு, அங்கிட்டு அவுக கடலைக்கொல்லையில. அரை நாள்தானே போட்டிருக்கேன்.”

ரெங்கசாமி ஒரு தேதியில் விரலை வைத்தார். “இதுல மட்டும் ஆப்சென்ட்டுன்னு இருக்கு?”

“அன்னைக்கும் கொல்லைக்கு வந்துச்சு சார். ஆனா ஒக்காந்தபடியே தூங்கிருச்சு. பொய் எழுதலாமுங்களா?”

ரெங்கசாமிக்குத் தலை சுற்றியது. இது பொய்யா, பொய் சொல்லத் தெரியாத மனிதரின் மெய்யா? அந்த அரை நாள்களைச் சேர்த்தால் செங்கமலம் அரசாங்கப் பரீட்சை எழுதலாம், அடித்துவிட்டால் முடியாது. வருகைச் சான்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வகுப்புக்குச் சுவர் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. கொல்லையில் நடத்தலாம் என்றும் எழுதவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

வரப்பிலேயே செங்கமலத்தின் அப்பா சோலையப்பன் எதிர்ப்பட்டார்.

“நான் படிக்க வேணாமுன்னு சொல்லலீங்க. பரிச்சை அடுத்த வருசமும் வரும். கடலை காத்திருக்குமா? ஒரு மழை பேஞ்சா மண்ணுக்குள்ளயே மொளைச்சுப் போகும். பாடம் நடத்துங்க, ஆனா கை நிக்கக் கூடாதுன்னேன். வாத்தியாரு சரின்னுட்டாரு.”

சரி என்றதன் பொருள் அப்பால் போனதும் தெரிந்தது. பிடுங்கிப் போட்ட செடிகளுக்கு நடுவே செங்கமலம் ஒரு குச்சியால் மண்ணில் வட்டம் வரைந்து, தொடுகோட்டுக்கு நிரூபணம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே குத்துக்காலிட்டு அவளுக்குப் பதிலாகக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார் இன்னாசி சார். வேகம் போதாது. பிஞ்சும் முற்றலும் கலந்து கூடையில் விழுந்தன. “இதையும் சேத்தா ஆய்வாக சார்?” என்று அவள் நிரூபணத்துக்கு நடுவே பிஞ்சைப் பொறுக்கி எறிந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தவள், கையில் மண்ணோடு விருட்டென்று எழுந்தாள்.

“வணக்கம் சார்!”

“உக்காரு, உக்காரு” என்றார் ரெங்கசாமி. முப்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் சொல்கிற சொல் அல்லவா அது? இங்கே ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டாள். கேட்கக் கேட்க அவருக்குக் கண் கலங்கியது. குழப்பம் மட்டும் தீரவில்லை. குழப்பத்தோடேயே தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“எங்க வச்சுப் போடுறது?”

“கொஞ்சம் பொறுங்க சார். இன்னைக்கு வருகை இன்னும் எடுக்கலை.”

இன்னாசி சார் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். குனிந்து செங்கமலத்தின் கண்களை ஒருமுறை உற்றுப் பார்த்தார். தூங்கவில்லை. கோட்டைப் போட்டார். பிறகுதான் பதிவேட்டை மூடி, மேலே ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டு, தலைமையாசிரியர் வைத்து எழுத வாகாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.